ஓடுகிற காரை முழுச்சேதம் என்று எழுதியது குறித்து

அனுப்புநர்:
கைலிவர் பொருத்திய காரின் உரிமையாளர்,
கண் பரிசோதகர், கண் மருத்துவமனை.
(பெயர், வீட்டு முகவரி, வண்டி எண், பாலிசி எண் ஆகியவை இணைப்பு ஒன்றில்.)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வாகனக் காப்பீட்டுப் பிரிவு.

பொருள்: டீலரின் சர்வீஸ் சென்டர் கொடுத்த மிகை எஸ்டிமேட்டால் எனது காருக்கு வழங்கப்பட்ட 'முழுச்சேதம்' கடிதத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கோருதல்; அந்த சென்டரின் மற்ற எஸ்டிமேட்டுகளை விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் கார் சரியாகிவிட்டது. இந்த மனுவை எழுதும்போது அது மருத்துவமனை வாசலில் நிழல் பார்த்து நிற்கிறது. காலையில் நானே ஓட்டி வந்தேன். காரியம் முடிந்த பிறகு மனு எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். முடியாமல் போயிருக்க வேண்டிய காரியம் இது என்பதால்தான் எழுதுகிறேன்.

1. எனக்கு நாற்பத்தாறு வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் பலமிழந்தன. இரண்டு ஊன்றுகோல்களோடு நடக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் வெளியூர்களில் கண் பரிசோதனை முகாம் நடத்துவது என் பொறுப்பு. லென்ஸ் பெட்டியும் எழுத்துப் பலகையும் பின்சீட்டில் இருக்கும், நான் ஓட்டிக்கொண்டு போவேன். காரில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு லிவர் இருக்கிறது. முன்னால் தள்ளினால் பிரேக், கீழே அழுத்தினால் வேகம். கால்களுக்கு வேலையே இல்லை. அந்த லிவரை என் கை நீளத்துக்கு அளந்து பொருத்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அதை வண்டியின் பதிவுச் சான்றில் ஏற்ற ஏழு மாதங்கள் ஆயின.

2. முப்பத்தொன்பதாம் வயதில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதுவரை நான் எங்கே போக வேண்டுமானாலும், யாருக்கு எப்போது வசதிப்படும் என்று முதலில் கேட்டாக வேண்டும். யாரும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் கேட்டாக வேண்டும். இந்த ஏழு வருடங்களாக அந்தக் கேள்வி இல்லாமல் வாழ்ந்தேன். எஸ்டிமேட் பற்றிய மனுவில் இது எதற்கு என்று தோன்றினால் மன்னிக்கவும். முழுச்சேதம் என்ற சொல் என் வீட்டில் என்ன பொருளில் விழுந்தது என்று சொல்ல வேறு வழி தெரியவில்லை.

3. சென்ற மாதம் ஒன்பதாம் தேதி காலை, மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில் வண்டியை நிறுத்தி ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டிருந்தேன். துணி வெளுக்கக் கொண்டுபோகும் வேன் ஒன்று ஹேண்ட் பிரேக் பிடிக்காமல் சரிவில் தானாக உருண்டு வந்து காரின் முன்பக்கம் வலது மூலையில் மோதியது. ஆள் நடந்து வருகிற வேகம்தான். எனக்குக் காயம் எதுவும் இல்லை. வேன் ஓட்டுநர் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். ரேடியேட்டரில் தண்ணீர் ஒழுகியதால் வண்டியை இழுத்துச் செல்ல நேர்ந்தது. பாலிசியில், பில்லைத் தங்கள் நிறுவனமே நேராகக் கட்டிவிடும் கேஷ்லெஸ் வசதி இருந்தபடியால் டீலரின் சர்வீஸ் சென்டருக்கே அனுப்பினேன்.

4. அன்று மதியம் அங்குள்ள சர்வீஸ் அட்வைசர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு துண்டுத்தாளில் ஐந்து வேலைகளைத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். பம்பர், வலது ஹெட்லைட், ரேடியேட்டர், அதைத் தாங்கும் சட்டம், பானட்டை நிமிர்த்திப் பெயிண்ட் அடிப்பது. ஐந்து நாளில் தந்துவிடலாம் என்றார். பிறகு கேட்டார்: "இன்ஷூரன்ஸ்ல பண்றீங்களா, கையில இருந்து கட்டறீங்களா மேடம்?" இன்ஷூரன்ஸ் என்றேன். அப்படியானால் கம்ப்யூட்டரில் போட்டு அனுப்புகிறோம் என்றார். அந்தத் துண்டுத்தாளின் பின்புறத்தில் நான் அவருடைய தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்திருந்த ஒரே காரணத்தால் அது குப்பைக்குப் போகாமல் தப்பியது. இணைப்பு இரண்டாக வைத்துள்ளேன்.

5. மறுநாள் கம்ப்யூட்டரில் வந்த எஸ்டிமேட்டில் ஐந்து வேலைகள் அறுபத்து மூன்றாகியிருந்தன (இணைப்பு மூன்று). சிறிய எழுத்தைப் படிப்பதும் படிக்க வைப்பதும் என் தொழில் என்பதால் ஒரு வரி விடாமல் படித்தேன். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் வளைந்துள்ளது, மாற்ற வேண்டும். விரியவே விரியாத இரண்டு ஏர்பேக்குகளும் புதிதாகப் போட வேண்டும். முன்பக்கம் வலது மூலையில் அடிபட்ட காருக்குப் பின்பக்கம் இடது கதவின் கண்ணாடி மாற்ற வேண்டும். ஐம்பத்தெட்டாவது வரியில், அனுமதியில்லாத கூடுதல் பொருத்தம் அகற்றல். அது என் லிவர். அனுமதி பதிவுச் சான்றின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது; சான்றின் நகல் அவர்கள் கையிலேயே இருந்தது.

6. தொலைபேசியில் அட்வைசரிடம் பின்கதவுக் கண்ணாடி பற்றிக் கேட்டேன். "உங்க பணமா போகப்போகுது மேடம்? கம்பெனி கட்டும், நீங்க ஏன் கவலைப்படறீங்க?" என்றார். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்கிறவரைப் போலத்தான் சொன்னார்.

7. மொத்தம் வண்டியின் காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டியிருந்தது; அதைத் தாண்டினால் பழுதுபார்க்காமல் வண்டியைக் கழித்துவிடுவது விதி. தங்கள் அலுவலகத்தில் எஸ்டிமேட்டையும் சென்டர் அனுப்பிய ஒன்பது போட்டோக்களையும் மட்டுமே பார்த்து, முழுச்சேதம் என்று முடிவுசெய்து கடிதம் அனுப்பினார்கள் (இணைப்பு நான்கு). ஏழு நாளில் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டால் தொகை வரும், வண்டி தங்கள் நிறுவனத்துக்குப் போய் ஏலத்தில் விற்கப்படும். விளக்கம் கேட்க நேரில் சென்டருக்குப் போனேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோதே, அதே கட்டடத்தின் விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் புதிய காரின் வண்ணப் படங்களோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கையெழுத்திடாவிட்டால் வண்டி அங்கே நிற்பதற்கு நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும் என்றும் அட்வைசர் நினைவூட்டினார்.

8. என் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். யாராவது தன் காலை மிதித்தாலும் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். அன்றிரவு அவர் சொன்னார்: "கையெழுத்துப் போட்டுடு. இவங்களோட மல்லுக்கட்ட நம்மால ஆகாது. நான் லீவு போட்டு உன்னை முகாமுக்குக் கூட்டிட்டுப் போறேன்." எத்தனை வருடம் லீவு போடுவீர்கள் என்று கேட்டேன். அவர் எழுந்துபோய்த் தட்டுகளைக் கழுவினார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் அவரிடம் சொன்ன கடுமையான வார்த்தை அதுதான். இதையும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன், ஏனெனில் எஸ்டிமேட்டில் இது சேர்க்கப்படவில்லை.

9. மறுநாள், லிவரைப் பொருத்திக் கொடுத்த மெக்கானிக்கை சென்டருக்கு வரவழைத்தேன். என் வயதுதான் அவருக்கும், ஆனாலும் அக்கா என்றுதான் அழைப்பார். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று கேட்டிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் சொன்னார்: "அக்கா, நாலு கதவையும் திறந்து சாத்துங்க. பானட்டுக்கும் கதவுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. சேஸிஸ் வளைஞ்ச வண்டியில கதவு ஒழுங்கா சாத்தாது." நான் ஊன்றுகோலை ஒரு கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் திறந்து சாத்தினேன். நான்கும் ஒரே சத்தத்தில் சாத்திக்கொண்டன. கேட்டுக்கு வெளியே நின்ற அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். தலையை ஆட்டிக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தார்.

10. அன்றே, வண்டியைக் காப்பீட்டு சர்வேயர் நேரில் பார்த்து மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்று தங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன் (இணைப்பு ஐந்து). இரண்டே நாளில் ஒரு பெண் சர்வேயர் நியமிக்கப்பட்டார். இதற்கு என் நன்றி. ஆனால் சென்டரில் வண்டியைத் தூக்கிப் பார்க்கும் லிஃப்ட் காலியில்லை என்று அவரை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். கையெழுத்துக்கு மூன்று நாள்தான் மிச்சமிருந்தது.

11. அடுத்த நாள் காலையில் என் கணவர் என்னிடம் எதுவும் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு, புரூஃப் கட்டுகளை எடுத்துக்கொண்டு அந்த சென்டரின் சோபாவில் போய் உட்கார்ந்துவிட்டார். அங்கேயே பிழை திருத்தினார். மணிக்கொரு தடவை எழுந்துபோய், "லிஃப்ட் காலியாச்சாங்க?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்றால், "சரிங்க, நான் இருக்கேன்" என்று திரும்பி வந்து உட்காருவார். இப்படி இரண்டு நாள். குரலை உயர்த்தவில்லை, ஒரு தடவைகூட. வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாம் என்ன விஷயம் என்று விசாரிக்க, அவர் எல்லோருக்கும் பொறுமையாக முதலிலிருந்து விளக்கியிருக்கிறார். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மேனேஜரே வெளியே வந்து, லிஃப்ட் காலி என்றார்.

12. சர்வேயருக்குத் தகவல் சொல்லி, நானும் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தேன். சர்வேயர் டார்ச்சோடு வண்டியின் அடியில் நின்று அரைமணி நேரம் பார்த்தார். பிறகு ஒரு டேப்பை எடுத்து, ஒரு முனையைச் சர்வீஸ் அட்வைசர் கையில் கொடுத்துக் மூலைக்கு மூலை குறுக்காக, இரண்டு திசையிலும் அளந்தார்; சட்டம் வளைந்திருந்தால் இரண்டும் சமமாக வராது. "எண்ணை நீங்களே படிங்க சார், சத்தமா" என்றார். அட்வைசர் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர். புது வண்டியிலேயே அவ்வளவு இருக்கும் என்று சர்வேயர் எழுதிக்கொண்டார். ஏர்பேக்குகள் முழுசாக இருந்தன. பின்கதவுக் கண்ணாடியை அவர் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டார். ஐம்பத்தெட்டாவது வரிக்கு வந்ததும் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, லிவரில் கை வைத்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். கடைசியில் என்னிடம் திரும்பி, "வண்டி நேரா நிக்குதும்மா. தாராளமா ஓட்டலாம்" என்றார். அறுபத்து மூன்றில் அவர் மிச்சம் வைத்தவை ஆறு.

13. நான் உடனே நன்றி சொல்லியிருக்க வேண்டும். லிஃப்டின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கணவர் தன் புரூஃப் கட்டுகளை அடுக்க ஆரம்பித்தார், அடுக்கி முடித்தவற்றையே மறுபடி அடுக்கினார்.

14. வண்டியை வேறு ஒர்க்‌ஷாப்புக்கு மாற்றினோம். எட்டாவது நாள் திரும்பியது. ஆன செலவு முதல் எஸ்டிமேட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைத் தங்கள் அலுவலகம் தாமதமில்லாமல் கட்டிவிட்டது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து வீட்டுக்கு இருபது நிமிட வழியை ஒரு மணி நேரம் சுற்றி ஓட்டினேன். எதற்கு என்று உடன் வந்த என் கணவர் கேட்கவில்லை. பாதி வழியில் பக்கத்து சீட்டில் தூங்கிவிட்டார். அந்த வாரமே முகாமுக்குப் போனேன். யாரையும் எதுவும் கேட்கவில்லை.

15. எனவே என் கோரிக்கைகள்:

(அ) முழுச்சேதம் என்ற முதல் கடிதம் தங்கள் பதிவேட்டில் இன்னும் ரத்தாகவில்லை. அடுத்த மாதம் பாலிசி புதுப்பிக்க வேண்டும். விசாரித்தபோது, இல்லாத வண்டிக்குப் பாலிசி போட முடியாது என்றார்கள். அந்த இல்லாத வண்டியில்தான் நான் விசாரிக்கப் போயிருந்தேன். பதிவை நீக்கி எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

(ஆ) இணைப்பு இரண்டையும் மூன்றையும் அருகருகே வைத்து, ஒரே ஆள் ஒரே வண்டிக்கு இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஐந்தையும் அறுபத்து மூன்றையும் எழுதியது எப்படி என்று அந்த சர்வீஸ் சென்டரிடம் விளக்கம் கேட்க வேண்டுகிறேன். அட்வைசரின் வேலை போக வேண்டும் என்பது என் நோக்கமல்ல. எழுதச் சொன்னது யார் என்று கேட்டால் போதும்.

(இ) வண்டியை லிஃப்டில் ஏற்றி நேரில் பார்க்காமல் இனி யாருக்கும் முழுச்சேதக் கடிதம் அனுப்பாதிருக்க உத்தரவிட வேண்டுகிறேன். என்னைப் போன்றவர்களுக்காக மாற்றி அமைத்த வண்டிகளில் இது கட்டாயமாக வேண்டும்.

(ஈ) அந்தச் சர்வேயரைப் பாராட்டி அவருடைய கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். அவர் தன் வேலையைத்தான் செய்தார். இத்தனை நாளில் எனக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவுதான்.

16. இன்னொன்று, எல்லாவற்றிலும் அவசரமானது. என் கணவர் சோபாவில் உட்கார்ந்திருந்த இரண்டாம் நாள், பக்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தன் சின்னப் பச்சைக் காருக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டிருக்கிறார். அவர் பாலிசியும் தங்கள் நிறுவனத்தில்தான்; அவர் எஸ்டிமேட்டிலும் சேஸிஸ் வளைவு. மார்க்கெட்டில் ஒரு தூணில் உரசியதாம். கதையைக் கேட்டு என் கணவர் தடுப்பதற்குள் தபால்காரர் பேனாவை மூடிவிட்டார். நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தொகை இன்னும் வரவில்லை, வாங்கிக்கொள்ள விருப்பமும் இல்லை. வண்டியைத்தான் திரும்பக் கேட்கிறார். "இப்பக் கேட்டா தருவாங்களாம்மா?" என்று என்னிடம் கேட்டார். கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் ஒப்புதலோடு அவருடைய விவரங்களை இணைப்பு ஆறில் வைத்திருக்கிறேன். கார் சென்டரின் பின்சுவரோரம் நேற்று மாலை வரை நின்றது. இருபத்து நான்காம் தேதி ஏலத்தில் போகிறது.

அதற்குள் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் போய் அந்தக் காரைப் பார்க்க உத்தரவிடுமாறு மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பதினைந்தாம் பத்தியில் உள்ள என் கோரிக்கைகள் இருபத்து நான்காம் தேதிக்குப் பிறகு காத்திருக்கலாம்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
காரின் உரிமையாளர்

இடம்: கண் மருத்துவமனை, பரிசோதனை அறை
நாள்: பதினேழாம் தேதி, வியாழக்கிழமை

இணைப்புகள்: ஆறு