மாமன் மடி

அன்புள்ள அண்ணே,

எல்லை தாண்டி மீன் பிடிச்சீங்கன்னு ஜெயில்ல வச்சிருந்த உங்க எல்லாரையும் இலங்கைக் கோர்ட்டு விட்டுருச்சாமே! தூதரகத்துலேருந்து போன் வந்ததும் நம்ம ஜெகதாப்பட்டினத்துல ஒரே வெடிச் சத்தம். நான் அழுதேன்னு யாராவது சொன்னா நம்பாத.

உன்னைப் பாக்க வர்ற வக்கீல்கிட்ட இதைக் குடுத்து விடுறேன். படகைப் பத்தி அவர்கிட்டக் கேக்காத. நீ வந்தா போதும்.

என் மக நித்திலாவுக்கு இன்னும் காது குத்தலை. சித்தப்பா மகன் மடியில வச்சுக் குத்திரலாம்னாக. கூடப்பிறந்த தாய்மாமன் நீ இருக்கையில வேற மடி எதுக்குன்னு சண்டை போட்டுட்டேன்.

ஆனா புள்ள வளந்துட்டா, உன் மடியில உக்காந்தா கால் தரையைத் தொடும். அதைச் சொன்னா, “ஜெயில்ல மாமா எளைச்சிருப்பாருல்ல, வேணும்னா நான் அவரை மடியில வச்சுக்கவா?”ங்கிறா.

சீக்கிரம் வாண்ணே,
உன் தங்கச்சி