சத்தம் போடாத சர்வர்

அன்புள்ள அப்பா,

முழங்கால் எப்படி இருக்கு? அம்மாவுக்குச் சுகர் குறைஞ்சுதா? நான் நல்லா இருக்கேன்.

இங்க ஒரு கூத்து. ஆபீஸ் டேட்டாபேஸுக்கு ரெண்டு சர்வர் கம்ப்யூட்டர். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தாங்கும். ரெண்டையும் கண்காணிச்சு, ஒண்ணு படுத்தா எனக்குப் போன்ல சொல்ற புரோகிராமை முதல் சர்வர்லயே போட்டுத் தொலைச்சிட்டேன். அது படுத்ததும் புரோகிராமும் சேர்ந்து படுத்துடுச்சு. தகவலே வரலை, நானும் எல்லாம் சரின்னு இருந்துட்டேன். அரை நாள் இன்னொண்ணு தனியா இழுத்துக்கிட்டு இருந்திருக்கு.

வேலை போகலை, பயப்படாதீங்க. புரோகிராமை ரெண்டுக்கும் வெளியே வேற கம்ப்யூட்டருக்கு மாத்திட்டேன். ஆனா இப்போ போன் சும்மா இருந்தாலே எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

அதனால இனிமே உங்க உடம்பைப் பத்தி அம்மா எழுதட்டும், அம்மாவைப் பத்தி நீங்க எழுதுங்க. அவங்கவங்களே சொன்னா நம்ப மாட்டேன்.

ஆபீஸ்ல கூப்பிடறாங்க, முடிச்சுக்கிறேன். நான் நல்லா இருக்கேனான்னு பார்த்துச் சொல்ல இங்க யாரும் இல்லை, நானேதான் சொல்லிக்கணும்.

உங்கள் மகள்