கோலப்பன் கடை நுரை

குளச்சல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கோலப்பனுக்கு இஞ்ஞாசி எழுதுவது.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு பெண்ணிடம் பத்தாம் வகுப்பு படித்ததாகப் பொய் சொன்னேன். அஞ்சாம் வகுப்பில் நாம் இருவரும் ஒரே பெஞ்சில் தோற்றது உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிய வேண்டாமே.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மகள் சுபிதா சுகமா? முழங்காலை முதலில் கேட்டதாக அவளிடம் சொல்லாதே. திருப்பூரில் வாளை மீன் கிடைக்கிறதா?

அந்தப் பெண் பெயர் லிஜா. சென்னையில் ஏதோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். வாட்ஸ்அப்பில் பொய் எப்படிப் பரவுகிறது, அதனால் ஊருக்கு என்ன ஆகிறது என்பதுதான் படிப்பாம். "முடிச்சா டாக்டர் பட்டம் குடுப்பாங்க மாமா" என்றாள். அப்படியென்றால் எங்கள் துறைமுகக் குரூப்பில் பாதிப்பேர் டாக்டர்தான் மக்களே என்றேன். சிரித்தாள்.

பிறகு உன் டீக்கடையைப் பற்றிக் கேட்டாள். ஒரு தாளை விரித்தாள். முழுக்க வட்டமும் கோடும். உன் கடைப் பால் என்று சுற்றிய அந்த வீடியோ இரண்டே நாளில் நாற்பது குரூப்புக்குப் போயிருக்கிறதாம். தொண்ணூறு பேரிடம் விசாரித்தாளாம். ஒருவர்கூடக் கடைக்கு வந்து பாலைப் பார்க்கவில்லையாம். முதலில் அனுப்பிய ஆளின் வட்டம் மட்டும் சிவப்பு. அது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரியும் கோலப்பா.

அன்று காலையில் என் மீன் ஏலக் குரலைக் காக்கை என்று நீ கேலி செய்தாய். பதிலுக்கு, யாரோ எங்கோ பாலில் சோப்புத்தூள் கலக்கும் வீடியோவுக்குக் கீழே, "நம்ம கோலப்பன் கடை நுரையின் ரகசியம்" என்று எழுதிப் போட்டேன். துறைமுகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். கருங்கல் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் உன் பலகார அலமாரியை உடைத்தார்கள். "எவன்னு தெரிஞ்சா சொல்லுலே மக்கா" என்று நீ என்னிடம்தான் கேட்டாய். நான் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, தெரியாது என்றேன்.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. எழுதிக்கொண்டாள். என் பெயர் வராதாம், தொண்ணூற்றொன்றாம் ஆள் என்றுதான் வருமாம். திட்டியிருக்கலாம்.

என் மகள் ஷிஜி குவைத்துக்குப் போனபிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. ஏலம் முடிந்ததும் உன் கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் போய் நிற்கிறேன். டீ நன்றாகத்தான் இருக்கிறது. என்ன சொன்னாலும் அவன் மரியாதையாக "சரி அண்ணே" என்கிறான். எப்படிக் குடிப்பது?

உன் தங்கை தாணம்மாள் உன் புது நம்பரைத் தரவில்லை. விலாசம் மட்டும்தான் தந்தாள். அதனால்தான் கடிதம். நீ திருப்பூருக்குப் போனதிலிருந்து உன் கடை பூட்டித்தான் கிடக்கிறது, வேறு யாரும் எடுக்கவில்லை. ஒரு தடவை வா. எல்லோர் முன்னாலும் எவன் என்று மறுபடி கேள். இந்த முறை பதில் சொல்கிறேன். அடித்தாலும் சரி, அதற்கும் நீயே வர வேண்டும்.

உன் முழங்காலை ஆண்டவர் காக்கட்டும்.

இப்படிக்கு,
இஞ்ஞாசி

பின்குறிப்பு: நடந்ததை எல்லாம் நேற்று நாலு நிமிஷம் பேசிப் பதிவு செய்து, துறைமுகக் குரூப்புக்கு என்று நினைத்து அனுப்பினேன். அது எங்கள் கோயில் பங்கின் மரண அறிவிப்புக் குரூப்பில் போய் விழுந்திருக்கிறது. இதுவரை பதினேழு பேர் கைகூப்பியிருக்கிறார்கள். ஆன்ட்ரூஸ், அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கிறான்.