அழிக்கச் சொன்ன படக்கதைகள்

செவ்வாய், இரவு

காலையில் நூலகத்தைத் திறந்ததும் முதலில் இரண்டு டேப்லெட்டுகளையும் சார்ஜில் போட்டேன். பள்ளி விட்டதும் பிள்ளைகள் படக்கதைக்குத்தான் ஓடிவருகிறார்கள்.

இன்று பிளஸ் டூ ஸ்ரீஜாவும் மூன்றாம் வகுப்பு மீனுவும் ஒரே திரையில் குனிந்திருந்தார்கள்.

"அக்கா, மெல்லத் தள்ளு. நான் படிச்சு முடிக்கல்ல."

"நீ எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள வில்லன் கிழவனாயிருவான்டீ."

மீனுவின் பள்ளியில் தமிழே கிடையாது. அவள் தமிழ் படிப்பது இந்தத் திரையில் மட்டும்தான்.

நூலகச் செயலாளர் எட்டிப் பார்த்தார். "பொம்மை பாக்கறதுக்கா மேடம் நூலகம்? நாளைக்கே எல்லாத்தையும் அழிச்சிரணும், கேட்டோ."

நான் தலையாட்டவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அழிக்க மாட்டேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நாளை அவர் நாளிதழ் வாசிக்கும் மேசைமேலேயே டேப்லெட்டை வைப்பேன். மீனு அவருக்கு எதிரே உட்கார்ந்து சத்தமாகப் படிக்கட்டும்.