தேங்காயும் சங்கிலியும்

மடுல்சீமை,
12.07.2003

அன்புள்ள இராசமணி,

நான் சுகம். உமது முழங்கால் நோ குறைந்ததா? பென்சன் எடுத்த என் உடம்புக்கு இந்தக் கட்டட மேற்பார்வை வேலை அலுப்புத்தான்.

நேற்று கொங்கிரீட் மிக்சரைப் பிக்கப் வண்டியின் பின்னால் கொளுக்கியில் பூட்டி மலையிறங்கினோம். முதலில் சாரதி வீரசிங்கம் முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்தார்.

"வாங்க சார், இனி ஒண்ணும் ஆகாது."

"சங்கிலியையும் மாட்டும்" என்றேன்.

"வாத்தியார் புத்தி போகாதே!" சிரித்தபடி மாட்டினார்.

வளைவில் கொளுக்கி கழன்றது. புத்தகப்பையில் ஒரு வார் அறுந்தால் மற்றது தாங்குமே, அப்படிச் சங்கிலி தாங்கியது. எனக்குக் கீறல்கூட இல்லை.

கம்பளித் தொப்பி அனுப்பும். ஊறுகாய் வேண்டாம், தனியே சாப்பிட்டு முடிவதில்லை. கடிதத்தை மட்டும் நீளமாக எழுதும்.

வீரசிங்கம் கூப்பிடுகிறார். இன்று தேங்காய்க்கு முன்பே சங்கிலியை மாட்டிவிட்டாராம். நான் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டுமாம்.

உமது,
கனகசுந்தரம்