கையில் ஒட்டிய கோப்பை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கண்ணு பட்டாலும் படட்டும், எழுதி வைக்கிறேன். பெரிய பேரன் சரண் அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். பேத்தி ரேஷ்மா நர்சிங் முடித்து வேலைக்குப் போகிறாள். கடைக்குட்டி நிஷா இந்தியா டீமில் கால்பந்து ஆடுகிறாள்! நான் ஐந்தாவதோடு நின்றவள். வெள்ளானூரில் கூலிக்கு நாற்று நட்டவள். என் வீட்டுப் பெண் நேபாளத்துக்கு விமானத்தில் போகிறாள்.

போனில் சிரிக்கிறாள். "சின்னப் போட்டிதான் ஆயா. நம்மள சுத்திக் கீற நாடுங்க மட்டும் ஆடுறது."

சின்னதாம்! சட்டையில் நாட்டுப் பெயர் இருக்கிறதே, அது சின்னதா?

ஆகஸ்ட் 9, சனி

ஸ்டேஷன் ரோடு முனையில் பேனர் ஏறிவிட்டது. இரண்டு ஆள் உயரத்துக்கு நிஷா, நீலச் சட்டையில். டிசைன் கடையில் பார்த்தபோது கை வெறுமனே இருந்தது. "ஒரு கப்பை வெச்சிடுப்பா" என்றேன்.

சரண் தயங்கினான். "இன்னும் மேட்ச்சே ஆரம்பிக்கல ஆயா."

"எப்படியும் வாங்கினுதானேடா வருவா?"

தங்கக் கோப்பையைக் கச்சிதமாக ஒட்டிக் கொடுத்துவிட்டான் கடைப் பையன். நிஷாவிடம் சொல்லவில்லை. வந்து பார்த்து அசந்து போகட்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இதுவரை ஒரு ஆட்டத்திலும் அவளை இறக்கவில்லை. இன்றைக்கு ஒரே ஒரு தடவை டிவியில் காட்டினார்கள். கையில் தண்ணீர் பாட்டில்கள்.

எதிர்வீட்டுக் கோமளா விடுவாளா? "இன்னாக்கா, தண்ணி குடுக்கவா பிளேன்ல போச்சு உன் பேத்தி?"

"பைனல்ல எறங்குவா, நீ பாரு" என்றேன். உள்ளே வந்து குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

ஆகஸ்ட் 16, சனி

இறங்கினாள். கடைசிப் பத்து நிமிடம். நேபாளத்தோடு பைனல், இரண்டு பக்கமும் சமம். அப்புறம் ஆளுக்கு ஐந்து பெனால்டி. எங்கள் ஐந்தாவது அடி நிஷாவுக்கு. விட்டால் தோல்வி.

கம்பத்துக்கு மேலே போய்விட்டது — அய்யோ.

புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொண்டாட ஓடின அந்த நாட்டு கோல்கீப்பர் பெண் திரும்பி வந்து இவளைத் தூக்கி நிறுத்தினாள். யார் பெற்ற பெண்ணோ, நல்லா இருக்கணும். நான் இங்க டிவி முன்னால உக்காந்துகினு கீறேன். என் கண்ணு சாப்பிட்டிருக்குமா?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தேன். கூட்டி வரப்போன சரண் தனியாக வந்தான்.

ரயிலை விட்டு இறங்கி முனை வரைக்கும் வந்தாளாம். தோளில் பையோடு நின்றாளாம். "கப்பையே பாத்துகினு நின்னா ஆயா. யாருடா இத்த வெக்கச் சொன்னதுன்னு கேட்டா. சொன்னேன்." அப்படியே திரும்பி, அடுத்த ரயிலில், தங்கிப் பயிற்சி எடுக்கிற ஹாஸ்டலுக்கே போய்விட்டாள்.

தோற்ற நாளிலிருந்து உட்கார்ந்து அழத் தெரிந்தது எனக்கு. அந்தப் பேனரை அவிழ்க்கச் சொல்லத் தோணவே இல்லையே? எப்படி மறந்தேன்?

ஆகஸ்ட் 21, வியாழன்

சரண் பேனரைச் சுருட்டிக்கொண்டு வந்தான். பின்னாலேயே கோமளா. "பாத்ரூம் கூரை ஒழுவுதுக்கா, குடு, மேல போட்டுக்கறேன்."

கிண்டல் இல்லை. எங்கள் தெருவில் பழைய பேனர் எல்லாம் கூரைக்குத்தான் போகும். ஆனால் நிஷா முகத்தில் மழை பெய்வதா? கொடுக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நிஷா ஆட்டத்தை விட்டுவிட்டாள். பூந்தமல்லி பக்கம் ஒரு பார்சல் குடோனில் வேலை, அங்கேயே ரூம். ரேஷ்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

வாட்ஸ்அப்பில் அவள் பெயருக்குப் பக்கத்தில், பந்தோடு சிரிக்கிற படம் ஒன்று இருந்தது. இப்போது சாம்பல் நிறத்தில் ஓர் ஆள் உருவம். கண் இல்லை, வாய் இல்லை.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி நானே அடித்து அனுப்பினேன்.

"கண்ணு, புது போட்டோ ஒண்ணு போடும்மா. பந்து வேணாம். சட்டை எதுவானாலும் சரி. கை வெறுமனே இருக்கட்டும்."