பச்சை பெயிண்டுக்கு அடியில் இருந்த தகடு

என் அன்பான அப்பா,

ஜீப்பின் பின் சீட்டில், நான் எப்போதும் உட்காரும் இடது மூலையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வண்டி தேயிலைத் தோட்டத்து லயத்தில் நம் வீட்டு வாசலில் நிற்கிறது. சக்கரத்துக்கு நீங்கள் அண்டை கொடுக்கும் அதே கல்தான் இப்போதும் கொடுத்திருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. நாளைக் காலை ஏழு மணிக்கு இந்த ஜீப் எட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஓடையைத் தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறது. ஓட்டப்போவது அம்மா.

நீங்கள் மஞ்சள்காமாலையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராத அன்றிலிருந்து சொல்லாமல் விட்டதை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசையாகச் சொன்னால் பயம் கொஞ்சம் அடங்கும். கணக்குப் பரீட்சைக்கு முன்னால் நீங்கள் எனக்குச் சொன்னது இது.

முதலில் ஒரு நல்ல செய்தி. பள்ளிக்கூடத்தில் ஏதாவது ஒரு இயந்திரத்தின் கதையை எழுதச் சொன்னார்கள். எல்லோரும் ராக்கெட், கம்ப்யூட்டர் என்று எழுதினார்கள். நான் நம் ஜீப்பைப் பற்றி எழுதினேன். நூலகத்தில் இரண்டு புத்தகங்கள் கிடைத்தன. இது சண்டைக்காகப் பிறந்த வண்டியாம். சேற்றில் மாட்டாமல், மலையில் திணறாமல் போக வேண்டும், உடைந்தால் அங்கேயே கழற்றி மாட்ட வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு எளிமையாகச் செய்தார்களாம். சண்டை முடிந்ததும் அதை வயல் உழ விற்கப் பார்த்திருக்கிறார்கள். பிறகு பம்பாய்க்குக் கப்பலில் பாகம் பாகமாக வந்து, இங்கே பூட்டப்பட்டு, காட்டுக்கும் அணைக்கட்டுக்கும் நம் மாதிரி மலைத்தோட்டங்களுக்கும் ஏறி வந்திருக்கிறது. கண்ணாடியை ஏன் முன்பக்கம் மடக்கிப் படுக்க வைக்க முடிகிறது என்று நான் உங்களைக் கேட்டபோது, "காத்து வாங்கத்தான்" என்றீர்கள். உள்ளே இருந்தபடியே முன்னால் துப்பாக்கி சுட என்று புத்தகம் சொல்கிறது. உங்களுக்குத் தெரிந்துதான் மறைத்தீர்களா?

இப்போது நம் ரோட்டில் அதே சாயலில் புது வண்டிகள் வருகின்றன. முன்பக்கம் நம் வண்டியின் முகம் மாதிரியே கோடு கோடாக இருக்கும். உள்ளே டிவி மாதிரி ஒரு கண்ணாடி. பின்னால் இருப்பதைக்கூட அதில் பார்த்துக்கொள்கிறார்கள். சுற்றுலா வந்தவர்கள் நம் ஜீப்பின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, "இது இன்னும் ஓடுமா?" என்று என்னைக் கேட்டார்கள். ஓடும் என்றேன். தினமும் ராத்திரி நான் இன்ஜினுக்குக் கீழே நீங்கள் போடும் அட்டையைப் போட்டு, காலையில் எங்கே எத்தனை சொட்டு எண்ணெய் விழுந்திருக்கிறது என்று பார்க்கிறேன். பழைய இரண்டு இடங்கள்தான். புதிதாக எதுவும் இல்லை.

இனிமேல் சொல்லப்போவது அவ்வளவு நல்லதில்லை.

போன மாதம் அம்மா ஜீப்பை விற்றுவிடலாம் என்றாள். முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கிற ஒருவர் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்கு முன் வண்டிக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கும் வேலை எனக்கு. "துருப்பிடிச்சது ஒண்ணும் கண்ணுல படக்கூடாது" என்றாள் அம்மா. ஸ்டீயரிங்குக்கு எதிரே ஒரு சின்னத் தகடு இருக்குமே அப்பா, கம்பிகளை எப்படித் தள்ள வேண்டும் என்று படம் போட்டது, அதுவும் துருப்பிடித்திருந்தது. அதன் மேலும் அடித்துவிட்டேன்.

எனக்கு அந்தத் தகடு மனப்பாடம். பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கம்பிகள். ஒன்று முன்சக்கரத்தையும் சேர்த்து இழுக்க வைக்கும். இன்னொன்று மேட்டுக்கு லோ, சமதரைக்கு ஹை. அது நடுவில் நின்றால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லை, பெரிய கியர் எதில் இருந்தாலும் வண்டி சும்மா உருளும். எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். யாராவது அந்தத் தகட்டைப் பார்த்து ஓட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதலமடைக்காரர் நல்லவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அம்மா கொடுத்த பால் விடாத கட்டன் சாயாவை ஊதி ஊதிக் குடித்தார்.

"ஏனுங்கம்மிணி, இந்தக் குளிர்ல எப்படீங்க இருக்கறீங்க? எங்கூர்ல மழையப் பாக்கோணும்னா போட்டோவுலதானுங்க பாக்கோணும்."

"வண்டி எதுக்குங்கய்யா?" என்று அம்மா கேட்டாள்.

"தோப்புக்குள்ள சுத்தறதுக்குத்தானுங்க. எங்கூட்டுல, இந்த வயசுல உங்களுக்கு ஜீப்பு ஒரு கேடாங்கறா. இருந்துட்டுப் போகட்டுமுங்க. சின்ன வயசுல இருந்து ஆசை."

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அவர் ஸ்டீயரிங்கில், அம்மா பக்கத்தில், நான் பின்னால். ஏறுவதற்கு முன் அம்மா என் காதருகே குனிந்து, "ஏட்டி, வந்தவுக முன்னால வாயத் தொறக்காத. நீ பாட்டுக்குப் பாடம் நடத்த ஆரம்பிச்சிருவ" என்றாள்.

ஓடை வரை நன்றாகத்தான் போனார். ஓடைக்கு முன்னால் நிறுத்தி, "டிராக்டர்லயும் லோ, ஹை இருக்குதுங்க, எனக்குப் பழக்கந்தான்" என்று சின்னக் கம்பியை லோவுக்கு மாற்றினார். தண்ணீர் பாதிச் சக்கரம் வரை இருந்தது. தாண்டி, அந்தப் பக்கத்து மேட்டிலும் ஏறினார். அங்கிருந்து தேயிலை ஃபேக்டரிக்கு இறங்கும் சரிவு.

நீங்கள் ஓடையைத் தாண்டினால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இடது காலைத் தூக்கி பிரேக்கில் வைத்து, விட்டுவிட்டு மிதித்தபடி கொஞ்ச தூரம் போவீர்கள். நனைந்த பிரேக் சூடேறிக் காயட்டும் என்று. இந்த மலையில் ஜீப் ஓட்டுகிற எல்லோரும் அப்படித்தான். மழையையே போட்டோவில் பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? என் நாக்கு நுனியில் இருந்தது. அம்மா சொன்னதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

லோவிலேயே இருந்ததால் சரிவில் இன்ஜின் ஓலமிட்டது. "என்னங்க இப்படிக் கத்துது" என்று சொல்லிக்கொண்டே அவர், வண்டி ஓடும்போதே, சின்னக் கம்பியை லோவிலிருந்து இழுத்தார். அது ஹைக்குப் போகவில்லை. கரகரவென்று பல்லைக் கடித்துவிட்டு நடுவில் நின்றுவிட்டது. உடனே சத்தம் அடங்கியது. அந்த அமைதியை நான் மறக்க மாட்டேன் அப்பா. வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது, முன்னைவிட வேகமாக.

அவர் பிரேக்கை மிதித்தார். ஈரப் பிரேக் பிடிக்கவில்லை. அவர் கண் டாஷ்போர்டில் எதையோ தேடியது. "படம் ஒண்ணு இருக்குமுங்களே, படம் எங்கீங்க" என்றார். அந்த இடத்தில் நான் அடித்த பச்சைதான் பளபளவென்று இருந்தது.

கீழே வளைவு. அதற்கு அப்பால் தேயிலை இல்லை, பள்ளம்.

அம்மா குனிந்து டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த ஹேண்ட் பிரேக் பிடியை இரண்டு கையாலும் இழுத்தாள். அது நனைந்த சக்கர பிரேக்கோடு சேராது, நடுத்தண்டைப் பிடிக்கும். வண்டி எலும்பெல்லாம் கழன்றுவிடுவது மாதிரி குலுங்கியது. "ஓரமா ஒடிங்க, மண்ணுல முட்டுங்க" என்று கத்தினாள். அவர் ஒடித்தார். ரோட்டோரத்து மண்திட்டில் முகத்தை முட்டி நின்றது ஜீப். முறிந்த தேயிலைக் கிளை ஒன்று என் மடியில் வந்து விழுந்தது.

முதலமடைக்காரர் இறங்கி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு என்ரதுதானுங்க. வண்டி மேல ஒரு தப்புமில்லீங்க. எங்கூட்டுல சொன்னது சரிதானுங்க" என்றார். அம்மா திரும்பக் கும்பிட்டாள். நான் யாரையும் பார்க்கவில்லை. அவர் பஸ் ஏறிப் போனார்.

அவர் தன் தப்பு என்று சொன்னதை நான் மறுத்துச் சொல்லவில்லை அப்பா. இதுதான் நான் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயம். செல்லம்மா உருண்டோடிய ஜீப்பைக் கையால் நிறுத்தினாள் என்று லயம் முழுக்க அம்மாவைப் பற்றித்தான் பேச்சு. நீங்கள் போனதிலிருந்து பெண்கள் விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு நடந்துதான் போகிறார்கள். யானை நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து, ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்துக்கொண்டு. அவர்கள் எல்லோரும் சேர்ந்து வந்தார்கள். உங்கள் வண்டியில் எப்போதும் கடைசியாக ஏறிச் சண்டை போடுகிற பாக்கியம் பெரியம்மாதான் பேசியது.

"உனக்குத்தான் லைசென்ஸ் இருக்குல்லா செல்லம்மா. உம் புருசன் உன்னைய எதுக்கு டிரைவிங் ஸ்கூல்ல சேத்தாரு, காயிதத்த பிரேம் போட்டு மாட்டவா?"

"அது காரு அக்கா. குட்டிக் காரு."

"காருக்கும் நாலு சக்கரம், இதுக்கும் நாலு சக்கரம். நீ ஓட்டு. நாங்க கையில வேப்பிலையோட ஏறுதோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்து, சரி என்று சொல்லிவிட்டாள். சிரிக்காதது நான் ஒருத்திதான்.

இன்று மத்தியானம் அம்மா சக்கரத்துக்கு வைக்க நான்கு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து கழுவிக்கொண்டிருந்தாள். பழங்கள் தண்ணீரில் உருளுவதைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சரிவு ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டேன். பெயிண்ட் அடித்தது, ஈரப் பிரேக்கைப் பற்றித் தெரிந்தும் வாயைத் திறக்காதது, அந்த ஐயாவைப் பழி சுமக்க விட்டது, எல்லாம்.

அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எந்தக் கம்பி எதுக்குன்னு எனக்கும் தெரியாதுட்டி. அன்னைக்கு கையில ஆப்புட்டத இழுத்தேன். அது வேற கம்பியா இருந்திருந்தா நாம இப்ப இங்க உக்காந்திருக்க மாட்டோம்."

அப்பா, அப்போதுதான் நான் உண்மையாகவே பயந்தேன். அதுவரை என் தப்பு ஒன்றுக்கு மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன்.

"நாளைக்குப் போகாதம்மா" என்றேன்.

"போகலன்னா அவளுக நடப்பாளுக. நேத்து யானை ஏலக்கா கொட்டாய்க்குப் பின்னாலேயே நின்னுச்சாம்." சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வா. உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே. இப்ப நடத்து உன் பாடத்த."

முதலில் அவள் பாக்கியம் பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்று, தனக்கு அந்தக் கம்பிகள் தெரியாது, இன்று தெரிந்துகொண்டால்தான் நாளைக்கு வண்டி எடுப்பேன் என்று சொன்னாள். பெரியம்மா வெற்றிலையை மென்றுகொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தது. "தெரியாதுன்னு சொன்ன டிரைவர இன்னைக்குத்தான் பாக்கேன். முன் சீட்டு எனக்கு, இப்பவே சொல்லிட்டேன்" என்றது.

நான் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, பழைய கரண்டியால் பெயிண்டைச் சுரண்டினேன். தகடு வெளியே வந்தது. இங்கிலீஷ் எழுத்துகளுக்கு மேலே வெள்ளை பெயிண்டால் தமிழில் மேடு, நடு, சமம் என்று எழுதினேன். நடு என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். மைதானத்தில் அம்மா ஒவ்வொரு தடவையும் வண்டியை நன்றாக நிறுத்திவிட்டுத்தான் கம்பியை மாற்றினாள். தப்பு செய்தபோதெல்லாம் நான் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பிறகு ஓடையை ஏழு தடவை தாண்டினோம். ஏழு தடவையும் இடது காலால் பிரேக்கைக் காய வைத்துவிட்டுத்தான் சரிவில் இறங்கினாள். கடைசித் தடவை நான் எதுவும் சொல்லவில்லை. அவளே செய்தாள்.

ஒன்று கவனித்தேன் அப்பா. சரிவு தொடங்கும் இடத்தில் அம்மா உள்ளங்கை வேர்வையை சீட்டின் வலது ஓரத்தில் துடைத்தாள். அந்த இடத்தில் ரெக்சின் ஏற்கெனவே வழவழவென்று தேய்ந்திருந்தது. வேறு எந்த இடத்திலும் அப்படித் தேயவில்லை. இத்தனை வருடம் பின்னால் உட்கார்ந்தும் நான் அதைப் பார்த்ததில்லை. நீங்கள் ஓடைக்குப் பக்கத்தில் எப்போதும் ஏதாவது பாட்டு முணுமுணுப்பீர்களே. உங்களுக்கும் பயமாகத்தான் இருந்ததா? தினமுமா?

இருந்தது என்றால், எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள்.

முதலமடைக்காரருக்கு நாளைக்கு ஒரு கடிதம் போடுவேன். தகட்டை மறைத்தது நான்தான், உங்கள் மேல் தப்பில்லை என்று எழுதுவேன். அவருடைய ஆசையை நான் கெடுத்திருக்கக்கூடாது.

இனி உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. தினமும் காலையில் அட்டையைப் பார்ப்பேன். புதிய இடத்தில் ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் அம்மாவை ஏற விட மாட்டேன், பாக்கியம் பெரியம்மா எவ்வளவு கத்தினாலும். தெரிந்ததை யார் முன்னாலும் சொல்லுவேன். வண்டி கிளம்பியதும் நம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். இங்கிருந்து ஓடைக்கு அப்பாலுள்ள மேடு தெரியும். பனிக்குள்ளே வண்டியின் பின்பக்கத்துச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். அம்மா பிரேக்கைக் காய வைக்கிறாள் என்று அர்த்தம். அதை எண்ணி முடித்த பிறகுதான் பள்ளிக்கூடப் பையை எடுப்பேன்.

பயத்தோடும் பாசத்தோடும்,
பின் சீட்டு இடது மூலையிலிருந்து,
உங்கள் மகள்
தேன்மொழி